எலிசாவுக்குத் தமிழ் கற்பித்தல்

1966ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்கக் கணினியியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் ஜோசப் வைசன்பாம். ஜெர்மனியின் பெர்லின் நகரில் 1923இல் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்த அவர், ஹிட்லரின் ஆட்சிக்காலத்தில், 1936இல், குடும்பத்துடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். பின்னாளில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார். மனிதரும் கணினியும் தட்டச்சு வழியாக உரையாடுவதற்கு அவர் அமைத்த நிரலைப் பற்றியது அக்கட்டுரை. நிரலின் பெயர் எலிசா. பெர்னாட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் பூ விற்கும் பெண்ணொருத்தி, உயர்குடியினரைப் போலப் பேசக் கற்றுக்கொள்கிறாள். கற்பிக்கக் கற்பிக்கப் பேச்சில் தேறும் அப்பெண்ணின் பெயரையே வைசன்பாம் தம் நிரலுக்கு இட்டார்.

இன்று சாட்பாட் என்று வழங்கப்படும் உரையாடு நிரல்களுக்கு எலிசாவே முன்னோடி. ஐ.பி.எம். 7094 என்னும் பெரிய கணினியில் அது இயங்கியது. உரையாடுபவர் அக்கணினியோடு இணைக்கப்பட்ட தட்டச்சுப்பொறியின் முன் அமர்ந்து ஒரு தொடரை அடிப்பார். சிறிது நேரத்தில் மறுமொழி தானாகவே தாளில் அச்சாகும். மறுமொழி பொருத்தமாகவும் பரிவோடும் இருப்பதாக அடித்தவருக்குத் தோன்றும். ஆனால் எலிசாவுக்கு ஒரு சொல்லின் பொருளும் தெரியாது.

பொருள் தெரியாமல் விடை சொல்வது எவ்வாறு? பயிற்சி ஏடுகளில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்னும் வினாவை எல்லா மாணவரும் கண்டிருப்பர். 'எனக்கு ______ இருக்கிறது' என்று தொடர் கொடுக்கப்படும்; மாணவர் 'அச்சமாக' என்று நிரப்புவர். எலிசா செய்வது இதன் மறுதலை. உரையாடுபவர் முழுத் தொடரையும் எழுதிவிடுகிறார். நிரல் தன்னிடமுள்ள வாய்பாட்டை அத்தொடரின்மேல் வைத்துப் பார்க்கிறது. முன்னும் பின்னும் உள்ள சொற்கள் பொருந்தினால், கோடிட்ட இடத்தில் அகப்பட்டதை எடுத்துக்கொள்கிறது; எடுத்ததை வேறொரு தொடரின் கோடிட்ட இடத்தில் வைக்கிறது.

வாய்பாடு: எனக்கு ______ இருக்கிறது.
மறுமொழி: உங்களுக்கு எப்போதிருந்து ______ இருக்கிறது?

'எனக்கு அச்சமாக இருக்கிறது' என்று ஒருவர் எழுதினால், 'உங்களுக்கு எப்போதிருந்து அச்சமாக இருக்கிறது?' என்று வரும். கேட்பவருக்கு இது கனிவான வினா. அதே நபர் 'எனக்கு ஒரு தேர்வு இருக்கிறது' என்று எழுதினால், 'உங்களுக்கு எப்போதிருந்து ஒரு தேர்வு இருக்கிறது?' என்று வரும். இரண்டு விடைகளையும் நிரல் ஒரே முறையில்தான் உருவாக்கியது. முன்னதில் அதற்குப் பரிவும் இல்லை; பின்னதில் அதற்குப் பிழையும் இல்லை.

வாய்பாடு என்ற சொல் யாப்பிலக்கணம் படித்தவர்க்குப் புதிதன்று. பாடம், கல்வி, வண்டி ஆகிய மூன்றும் தேமா. கணினி என்பது புளிமா. இவ்வாறு வகுக்கும்போது சொல்லின் பொருளை எவரும் கேட்பதில்லை. நேரசையா, நிரையசையா என்று வடிவத்தை மட்டுமே பார்க்கின்றனர். எலிசாவின் பார்வையும் அத்தகையதே. அசையின் இடத்தில் சொல் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

ஒரே தொடரில் பல திறவுச்சொற்கள் வரக்கூடும். எதைப் பிடித்துக்கொள்வது? ஒவ்வொரு திறவுச்சொல்லுக்கும் வைசன்பாம் ஒரு மதிப்பெண் கொடுத்தார். மதிப்பெண் மிகுந்த சொல்லையே நிரல் முதலில் நோக்கும். அவர் எழுதிய விதித்தொகுப்பில் 'கணினி' என்பதற்குக் கொடுத்த மதிப்பெண் 50. மற்ற சொற்களுள் பெரும்பாலானவை அதற்கு மிகவும் கீழே இருந்தன. கணினியின் முன் அமர்ந்து ஒருவர் கணினியைப் பற்றிப் பேசினால், அவர் உண்மையில் தம் எதிரே இருப்பதைப் பற்றியே பேசுகிறார் என்பது கணக்கு. ஒரு வாய்பாட்டுக்கு ஒரே மறுமொழியன்றிப் பல மறுமொழிகள் வரிசையாக இருந்தன. ஒன்றைச் சொன்னபின் அடுத்த முறை அதற்கடுத்ததை நிரல் எடுக்கும். எந்தத் திறவுச்சொல்லும் அகப்படாத நேரத்துக்கும் ஓர் உத்தி உண்டு. 'என்' என்று தொடங்கிச் சொல்லப்பட்ட செய்திகளுள் சிலவற்றை நிரல் ஒதுக்கி வைத்திருக்கும். விடை தெரியாமல் விழிக்க வேண்டிய தருணத்தில், 'முன்பு உங்கள் தம்பியைப் பற்றிச் சொன்னீர்களே' என்பதுபோல அதை வெளியே எடுக்கும். மறதியில்லாத நண்பர் போன்ற தோற்றம் இதனால் கிடைத்தது. அதுவும் இல்லையெனில், 'மேலும் சொல்லுங்கள்' என்று ஒதுங்கிக்கொள்ளும்.

எலிசாவின் பெயர்பெற்ற விதித்தொகுப்பு உளநல மருத்துவர் ஒருவரைப் போலப் பேசுவது. வைசன்பாம் அவ்வேடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 'நேற்று தில்லிக்குச் சென்றேன்' என்று பயணச்சீட்டு அலுவலரிடம் சொன்னால், அவருக்கு வண்டியும் நேரமும் ஊரும் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவரோ, 'தில்லி உங்களுக்கு எதை நினைவூட்டுகிறது?' என்று கேட்கலாம். தில்லி எங்கே இருக்கிறது என்பதே தெரியாதவர்கூட அக்கேள்வியைக் கேட்டுவிட முடியும். எதிரே இருப்பவர், இதில் ஏதோ நோக்கம் இருக்கிறது என்று தாமாகவே எண்ணிக்கொள்வார். அறியாமை அறிவாகத் தோன்றும் வேடங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றை அவர் கண்டெடுத்தார்.

நிரல் வேறாகவும் விதித்தொகுப்பு வேறாகவும் இருந்ததால், தொகுப்பை மாற்றினால் எலிசா வேறு மொழியிலும் பேசும். கட்டுரை வெளிவந்த காலத்திலேயே வெல்ஷ் மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் தொகுப்புகள் இருந்தன. தமிழில் ஒரு தொகுப்பு எழுத முற்படுபவர் எவற்றையெல்லாம் எதிர்கொள்வார் என்பதை இனிக் காணலாம்.

முதல் வேலை இடப்பெயர்களை மாற்றுவது. உரையாடுபவரின் 'நான்' நிரலின் வாயில் 'நீங்கள்' ஆக வேண்டும். என் என்பது உங்கள், என்னை என்பது உங்களை, எனக்கு என்பது உங்களுக்கு, என்னால் என்பது உங்களால். மறுதிசையிலும் இவ்வாறே. எளிது போலத் தோன்றும் இவ்விடத்தில்தான் புதிதாக நிரல் எழுதுவோர் பலரும் இடறுகின்றனர். 'நீங்கள் என்னை மறந்துவிட்டீர்கள்' என்னும் தொடரில், முதல் விதி 'என்னை' என்பதை 'உங்களை' ஆக்கும். அடுத்து வரும் விதி, 'உங்களை' என்பதைக் கண்டு அதை மீண்டும் 'என்னை' ஆக்கிவிடும். சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை மட்டுமே தொட வேண்டும், மாற்றிய சொல்லை மறுபடி பார்க்கலாகாது என்று நிரலுக்குக் கட்டளையிட வேண்டும்.

அடுத்தது, சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்னும் சிக்கல். கணினி எழுத்துகளை மட்டும் பார்க்குமாயின், 'நான்கு நாளாகக் காய்ச்சல்' என்பது 'நீங்கள்கு நாளாகக் காய்ச்சல்' ஆகும். 'என்று' என்பது 'உங்கள்று' ஆகும். ஆதலால் முழுச்சொல்லாக இருந்தால் மட்டுமே மாற்றுக என்று விதிக்க வேண்டியிருக்கிறது. விதித்தவுடன் மறுபக்கம் ஒரு கதவு அடைபடுகிறது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று பிழையின்றி எழுதிய மாணவரின் தொடரில் 'எனக்கு' என்னும் முழுச்சொல் இல்லை. 'எனக்குத்' என்பதே இருக்கிறது. வல்லினம் மிகும் இடம் அறிந்து எழுதியவருக்கு நிரல் பதில் சொல்லாது. அறியாமல் எழுதியவருக்குச் சொல்லும். இந்த அநீதியைத் தீர்க்க, எனக்கு என்பதோடு எனக்குக், எனக்குச், எனக்குத், எனக்குப் ஆகிய நான்கு வடிவங்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். நானும், நானே, நான்தான் என்பவற்றுக்கும் இடம் வேண்டும்.

ஆங்கிலத்தில் தன்மைப் பெயரை முன்னிலைப் பெயராக மாற்றினால் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்; வினைச்சொற்களுள் மிகச் சிலவே மாறும். தமிழில் வினைமுற்றின் விகுதியே இடத்தைக் காட்டுகிறது. நான் என்பதை நீங்கள் ஆக்கிவிட்டு வினையை அப்படியே விட்டால், 'நீங்கள் அஞ்சுகிறேன்' என்னும் வழூஉத் தொடர் பிறக்கும். அஞ்சுகிறேன் என்பது அஞ்சுகிறீர்கள் ஆக வேண்டும்.

இங்கே பகுபத உறுப்பிலக்கணம் கைகொடுக்கிறது. செய்தேன், செய்கிறேன், செய்வேன் ஆகிய மூன்றிலும் இடைநிலை வேறு; விகுதி ஒன்றே. 'ஏன்' என்னும் அந்தத் தன்மை ஒருமை விகுதியை 'ஈர்கள்' என்று மாற்றினால் செய்தீர்கள், செய்கிறீர்கள், செய்வீர்கள் என மூன்று காலமும் ஒரே விதியில் அடங்குகின்றன. வரமாட்டேன் என்னும் எதிர்மறையும் வரமாட்டீர்கள் என்று பணிகிறது. விகுதியின் முதலெழுத்து உயிராதலால் முன்னுள்ள மெய்யோடு கலந்து 'றே', 'தே', 'வே' என உயிர்மெய்யாகி மறைந்திருக்கிறதே, கணினி அதை எப்படிக் காணும் என்ற ஐயம் எழலாம். யூனிகோடு முறையில் 'றே' என்பது 'ற' என்னும் எழுத்தாகவும் ஏகாரக் குறியாகவும் இரண்டு குறியீடுகளில் சேமிக்கப்படுகிறது. ஆகவே ஏகாரக் குறியையும் அதன்பின் வரும் 'ன்' என்பதையும் தேடினால் போதும். உயிர்மெய்யைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் கணினியின் சேமிப்பிலேயே ஓரளவு அமைந்திருப்பது நற்பேறு.

இவ்விதியை எழுதிய மகிழ்ச்சி நெடுநேரம் நீடிப்பதில்லை. 'எனக்குப் பிடித்தது தேன்' என்று ஒருவர் எழுதுகிறார். 'உங்களுக்குப் பிடித்தது தீர்கள்' என்கிறது நிரல். பள்ளி வேன் 'வீர்கள்' ஆகிறது. இரண்டெழுத்துச் சொற்களை விட்டுவிடுக என்று ஒரு விலக்கு எழுதலாம். தேனும் வேனும் தப்பிவிடும். ஆனால் மலைத்தேன்?

'கொல்லிமலையைக் கண்டு மலைத்தேன்' என்பதில் அது வினைமுற்று. திகைத்தேன் என்று பொருள். 'தாத்தா கொண்டுவந்தது மலைத்தேன்' என்பதில் அது பெயர். மலையில் கிடைத்த தேன். எழுத்தில் ஒரு வேறுபாடும் இல்லை. வினைமுற்று தொடரின் இறுதியில் நிற்கும் என்னும் விதியும் இங்கே உதவாது. ஏனெனில் பெயர்ப்பயனிலையும் இறுதியில்தான் நிற்கிறது. எழுவாய் 'நான்' ஆக இருந்தால் மட்டும் மாற்றுக எனலாம். ஆனால் தமிழில் எழுவாய் தோன்றாமலே வருவது இயல்பு. கொல்லிமலைத் தொடரிலேயே 'நான்' இல்லை. எழுவாய் 'கொண்டுவந்தது' என்பதுபோல் 'து' என முடிந்தால் மாற்றாதே என்று மேலும் ஒரு விதி சேர்க்கலாம். அதற்கு ஒரு விலக்கு, விலக்குக்கு ஒரு விலக்கு என்று போகையில், நிரல் எழுத அமர்ந்தவர் தமிழ் இலக்கணத்தையே முதலிலிருந்து எழுதத் தொடங்கியிருப்பார். அத்தனையும் எழுதி முடித்த பின்னும், ஒருவர் 'மலைத்தேன்' என்று ஒரே ஒரு சொல்லை மட்டும் அடித்தால் என்ன செய்வது? அதற்குமுன் கேட்கப்பட்ட கேள்வி, பையில் என்ன இருக்கிறது என்பதா, மலையைப் பார்த்தபோது எப்படி இருந்தது என்பதா என்று அறிந்தால்தான் விடை கிடைக்கும். சிறு குழந்தைக்கும் இதில் தடுமாற்றம் இராது.

எழுத்துத் தமிழில் மட்டும் விதிகளை எழுதினால் பயனில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழகத்துக்கு வெளியே வளரும் பிள்ளைகள், வீட்டில் பேசுவதுபோலவே தட்டச்சு செய்வர். 'எக்ஸாம் நெனச்சா பயமா இருக்கு' என்னும் தொடரில், மேலே கண்ட வாய்பாடுகளுள் ஒன்றுகூடப் பொருந்தாது. தேர்வு, பரீட்சை, எக்ஸாம் மூன்றையும் ஒரே திறவுச்சொல்லின் கீழ் வைப்பதும், இருக்கிறது, இருக்கு இரண்டையும் ஏற்பதும் அவசியம். நிரல் விடை சொல்லும்போது திருந்திய தமிழில் சொல்லட்டும். ஆனால் பயந்திருப்பவரின் எழுத்துப்பிழையைத் திருத்துவது அதன் வேலையன்று.

பைத்தான் மொழி கற்கும் மேல்வகுப்பு மாணவர் இவ்விதிகளை அதிக வரிகளில்லாமலே நிரலாக்கிவிடலாம். கணினி இல்லாமலும் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு விதியையும் ஓர் அட்டையில் எழுதி, ஒரு மாணவரை நிரலாக அமர்த்த வேண்டும். அட்டையில் இல்லாத ஒரு சொல்லையும் அவர் தம் மனத்திலிருந்து சேர்க்கலாகாது. தோழி 'மலைத்தேன்' என்கிறாள். பொருள் நன்றாகத் தெரிந்திருந்தும் அட்டை சொல்வதையே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இருக்கையில் ஐந்து நிமிடம் அமர்ந்தவருக்கு எலிசாவைப் பற்றி விளக்கவுரை தேவைப்படாது.

வைசன்பாமும் விளக்கவுரை போதும் என்றே முதலில் எண்ணினார். ஒரு நிரல் எவ்வாறு இயங்குகிறது என்பதை எளிய சொற்களில் எடுத்துரைத்துவிட்டால் அதன் மாயம் கலைந்துவிடும் என்பது 1966ஆம் ஆண்டுக் கட்டுரையின் தொடக்கத்தில் அவர் சொன்ன கருத்து. நடந்தது வேறு. அவருடைய செயலர், அவர் அந்நிரலை உருவாக்கியதைப் பல மாதங்களாக அருகிலிருந்து கண்டவர். அது வெறும் நிரல் என்பதை நன்கு அறிந்தவர். அவர் ஒருநாள் எலிசாவோடு உரையாட அமர்ந்தார். சில தொடர்களே பரிமாறப்பட்டன. உடனே அவர் வைசன்பாமிடம், சற்று அறையை விட்டு வெளியே செல்லுமாறு கேட்டுக்கொண்டார். இயந்திரத்தோடு தனிமையில் பேச விரும்பினார். உளநல மருத்துவர் சிலரோ, இத்தகைய நிரல்களைச் செம்மைப்படுத்தினால் மருத்துவர் பற்றாக்குறையுள்ள இடங்களில் ஒரே கணினி பல நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளலாம் என்று நம்பினர். வைசன்பாம் இதைக் கடுமையாக எதிர்த்தார். கணினியால் ஒரு செயலைச் செய்ய முடியுமா என்பது ஒரு கேள்வி. அதைக் கணினியிடம் ஒப்படைக்கலாமா என்பது வேறு கேள்வி என்பது அவர் நிலை. இதை விரித்து அவர் எழுதிய நூல் 1976இல் வெளிவந்தது. முதுமையில் பெர்லினுக்கே திரும்பிய அவர் 2008இல் மறைந்தார்.

இன்றைய பெரிய உரையாடு நிரல்கள் கைப்பட எழுதிய விதிகளால் இயங்குவன அல்ல. பேரளவான எழுத்துத் தொகுதிகளிலிருந்து சொற்களின் தொடர்ச்சியைத் தாமே கற்று விடை அமைப்பவை அவை. மலைத்தேன் அவற்றுக்கு அவ்வளவு பெரிய தடையன்று. ஆயினும் எலிசாவின் முன் அமர்ந்த செயலரின் இடத்தில் இன்று மிகப் பலர் அமர்ந்திருக்கின்றனர்.

விதித்தொகுப்பு எழுதும் மாணவர் ஓரிடத்தில் நின்று எண்ண வேண்டியிருக்கும். 'என் பாட்டி சென்ற வாரம் இறந்துவிட்டார்' என்று ஒருவர் எழுதுகிறார். உறவுப்பெயர்களுக்கு என்று எழுதி வைத்த விதி பொருந்துகிறது. 'உங்கள் பாட்டியைப் பற்றி மேலும் சொல்லுங்கள்' என்கிறது நிரல். அழுதுகொண்டிருப்பவருக்கு அது ஆறுதலாகவே இருக்கலாம். அதே உறவுப்பெயருக்கான வரிசையில் அடுத்த மறுமொழி, 'உங்கள் பாட்டி இப்போது என்ன செய்கிறார்?' என்பதாக இருந்தால் அது புண்ணில் கோல் பாய்ச்சுவதாகும். எந்த மறுமொழி வரும் என்பதை முடிவு செய்வது வரிசை எண் மட்டுமே. இதைத் தவிர்க்க, 'இறந்து', 'காலமானார்', 'செத்து' ஆகிய சொற்களுக்கு எல்லாவற்றினும் உயர்ந்த மதிப்பெண் கொடுத்துத் தனி விதி எழுதலாம். அதன் மறுமொழி என்னவாக இருக்க வேண்டும்? 'மிகவும் வருந்துகிறேன்' என்பதே எவருக்கும் முதலில் தோன்றும். வருந்து, கிறு, ஏன் என்று பிரித்துப் பார்த்தால், ஏன் என்னும் விகுதி பேசுபவர் ஒருவரைக் குறிக்க வேண்டும். அட்டையிலோ நிரலிலோ அப்படி ஒருவர் இல்லை. 'இது ஒரு நிரல். உங்களுக்கு நெருக்கமான பெரியவர் ஒருவரிடம் இதைச் சொல்லுங்கள்' என்றும் அவ்விடத்தில் எழுதலாம். எதை எழுதுவது என்று எந்த வாய்பாடும் சொல்லித் தராது. விதியை எழுதுபவரே முடிவு செய்ய வேண்டும்.

பயிற்சி

1. 'எனக்கு ______ இருக்கிறது' என்னும் வாய்பாட்டைப் பின்வரும் தொடர்களோடு ஒப்பிடுக: எனக்குப் பசியாக இருக்கிறது, எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள், வீட்டில் எனக்கு ஒரு கிளி இருக்கிறது. எவை பொருந்தும், எவை பொருந்தா? பொருந்தாதவற்றுக்கு வாய்பாட்டை எவ்வாறு திருத்துவீர்?

2. ஓடினேன், பாடுவேன், எழுதிக்கொண்டிருக்கிறேன், மறக்கமாட்டேன் ஆகியவற்றை முன்னிலைக்கு மாற்றி எழுதுக. ஒவ்வொன்றிலும் மாறிய உறுப்பு எது?

3. 'மலைத்தேன்' என்பதை வினைமுற்றாகக் கொண்டு பகுபத உறுப்பிலக்கணம் தருக. பெயராகக் கொண்டு ஒரு தொடர் அமைக்க.

4. 'என்' என்னும் எழுத்துகள் வேறு சொற்களுக்குள் வருவதற்கு எடுத்துக்காட்டுகள் மூன்று தருக. அவற்றில் மாற்றம் நிகழ்ந்தால் பிறக்கும் தொடர்களையும் எழுதுக.

5. பள்ளி நூலகத்துக்கு ஓர் உரையாடு நிரல் அமைக்கப்படுகிறது. நூல் கேட்பவர் பேச்சுத் தமிழில் எழுதுவார் எனக் கொண்டு, அதற்கான விதிகள் எட்டினை அட்டைகளில் எழுதுக. வகுப்புத் தோழர் ஒருவரை நிரலாக அமர்த்தி, அவ்விதிகள் தோற்கும் இரண்டு தொடர்களைக் கண்டுபிடிக்க.

6. 'வருந்துகிறேன்' என்று ஒரு நிரல் சொல்லலாம், சொல்லலாகாது என இருவர் வாதிடுவதாகப் பத்து வரிகளில் ஓர் உரையாடல் எழுதுக.